இரவு டூட்டிக்காரர்களுக்கு ஏழு நாள் சிகிச்சை: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வைத்தியசாலை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூர் போகும் வழியில், பெரிய சாலையை விட்டுச் சற்று உள்ளே, தென்னந்தோப்பின் நடுவில் இருக்கும் ஓர் ஆயுர்வேத வைத்தியசாலை, செவிலியர்களுக்கென்றே ஏழு நாள் தங்கிச் சிகிச்சை பெறும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. கோயம்புத்தூர், பொள்ளாச்சி, பாலக்காடு ஆகிய மூன்று ஊர்களின் செவிலியர் விடுதிகளிலும் அதன் துண்டறிக்கை தமிழிலும் மலையாளத்திலும் புழங்குகிறது. 'பணிச்சோர்வுக்கு ஏழே நாளில் நிரந்தரத் தீர்வு' என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த வாசகத்தை நம்பி யாரும் போக வேண்டாம். ஆனால் அந்த இடத்தில் வேறு எங்கும் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. அது என்ன, அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை எழுதுவது, என்னைப்போல் இரவுப் பணி பார்க்கிற செவிலியர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். குறைகளையும் எழுதப்போவதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அந்தச் சாலையில் இரவுப் பணிக்காரர்களுக்கென்று அறை ஒதுக்கியிருப்பது அந்த ஓர் இடம்தான் என்பதால், தேடிப் போகிறவர்களுக்குச் சிரமம் இருக்காது.

முதலில் கட்டணம். தங்கும் அறை, மூன்று வேளை உணவு, எண்ணெய்ச் சிகிச்சை, மருந்து எல்லாம் சேர்த்து ஏழு நாளைக்கு 14,000 ரூபாய் வாங்குகிறார்கள். ஆடி மாதத்தில், அதாவது கேரளத்துக் கர்க்கடகத்தில், இந்தத் தொகை கூடுகிறது. மூன்று நாள் தங்கல் ஒன்றும் உண்டு. அதற்கு 5,500 ரூபாய். துண்டறிக்கையில் அது இல்லை, வாய்விட்டுக் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

சேரும் நாளில் மருத்துவர் நடத்தும் விசாரணைதான் இந்தத் திட்டத்தின் உயிர் என்பேன். நாடி பார்ப்பதற்கு முன், நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன், அவர் கேட்டது கடந்த இரண்டு மாத டூட்டி ரோஸ்டரை. கைப்பேசியில் இருந்த படத்தைக் கொடுத்தேன். கோடு போட்ட தாளில் நாள்வாரியாகக் கட்டம் வரைந்து, நைட் இருந்த கட்டங்களைக் கறுப்புப் பென்சிலால் நிரப்பினார். ஈவினிங்குக்குச் சிவப்பு, மார்னிங்குக்கு வெறுங்கட்டம். தீவிர சிகிச்சைப் பிரிவில் எங்களுக்கு ஆறு மணி நேரம் மார்னிங், ஆறு மணி நேரம் ஈவினிங், பன்னிரண்டு மணி நேரம் நைட் என்று முறை. ஈவினிங் முடிந்த மறுநாள் மார்னிங் போட்டிருந்த ஓர் இடத்தில் அவர் பென்சிலை நிறுத்தி, இரவு ஏழரைக்கு முடிந்து காலை ஏழரைக்குத் தொடங்குகிறது என்றால் இடையில் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறதே என்றார். பிறகு அவரே கழிக்கத் தொடங்கினார். அடுத்து வருகிறவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் முக்கால் மணி நேரம். கோயம்புத்தூர் உக்கடம் வந்து, எல்லையோரத்து வேலந்தாவளம் பஸ் பிடித்து வீடு சேர ஒன்றே முக்கால் மணி நேரம். சமைத்ததைச் சூடாக்கிச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மறுநாள் பிள்ளையின் டிபன் பாக்ஸுக்கு அரிந்து வைக்க ஒன்றரை மணி நேரம். காலையில் கிளம்பும் வேலையும் பயணமும் சேர்த்து இரண்டே முக்கால். மிஞ்சியது ஐந்தேகால் மணி நேரம். அந்த எண்ணைக் கட்டத்துக்குள்ளேயே எழுதினார்.

அடுத்து அவர் வட்டமிட்டது எல்லாச் செவிலியருக்கும் தெரிந்த ஒரு பழைய கணக்கை. பன்னிரண்டு மணி நேர நைட் முடிந்து காலையில் வீடு திரும்பும் நாளையே 'ஆஃப்' என்று ரோஸ்டரில் எழுதி, வார விடுமுறைக் கணக்கில் சேர்த்துவிடுவது எங்கள் பக்கத்து மருத்துவமனைகள் பலவற்றில் நடப்பதுதான். "இது லீவு இல்லை சிஸ்டர், தூக்கத்துக்குக் கொடுத்திருக்கிற நாள். இதைக் கழித்தால் உங்களுக்கு இந்த மாதம் லீவே இல்லை" என்றார். ரோஸ்டர் சுழலும் திசையையும் அவர் விடவில்லை. மனித உடலின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. ஆகவே தூங்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுவது எளிது, முன்னுக்கு இழுப்பது கடினம். மார்னிங், ஈவினிங், நைட் என்ற வரிசையில் சுழலும் ரோஸ்டரை உடல் ஓரளவு தாங்கும்; நைட், ஈவினிங், மார்னிங் என்று தலைகீழாகச் சுழல்வதைத் தாங்க அதற்குக் கூடுதல் நாள் வேண்டும். என் ரோஸ்டர் தலைகீழாகவே சுழன்றுகொண்டிருந்தது. அதை எழுதுகிற இன்சார்ஜுக்கும் இதெல்லாம் தெரியாமல் இல்லை; ஆள் இருந்தால்தானே வரிசை பார்க்க முடியும்.

சேர்வதற்கு முன்பே ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். இதை நான் பாராட்டுவேன். ரத்தசோகையாலோ தைராய்டுக் குறைவாலோ வருகிற அசதிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை. தைராய்டு மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எதையும் அவர்கள் நிறுத்தச் சொல்வதும் இல்லை.

ஆயுர்வேதச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு ஒன்று தெரியும்: பத்தியத்தில் புளி, மீன் விலக்குவதைவிடக் கண்டிப்பான விதி, பகலில் தூங்கக் கூடாது என்பது. நைட் முடிந்து நேரே வந்து சேருகிற செவிலியரிடம் இந்த விதியைச் சொன்னால் சிகிச்சை அங்கேயே முடிந்துவிடும். இங்கே அதற்கு அவர்கள் சாஸ்திரத்திலிருந்தே வழி கண்டிருக்கிறார்கள். வாக்படரின் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தில், சூத்திர ஸ்தானம் என்ற பகுதியின் ஏழாம் அத்தியாயம், இரவில் கண்விழிக்க நேர்ந்தவர்கள் விழித்த நேரத்தில் பாதியளவு மறுநாள் காலை உணவுக்கு முன் தூங்கலாம் என்று அனுமதிக்கிறது. அந்த அடிப்படையில், நைட் முடித்து வருகிறவர்களைக் காலை எட்டரை மணிக்குள் வெந்நீர்க் குளியலோடு படுக்கைக்கு அனுப்பி, பிற்பகல் இரண்டரை வரை யாரும் கதவைத் தட்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கஞ்சி எழுந்த பிறகுதான். நைட் முடிந்த பசியில் ரோட்டோரக் கடையில் நான்கு இட்லியும் வடையும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்ப் புரண்டுகொண்டிருப்பதுதான் நம்மில் பலருக்குப் பழக்கம் என்பதால், முதல் நாள் இந்த ஒழுங்கு தண்டனைபோல் தோன்றும். இரண்டாம் நாளிலிருந்து வயிறே அதன் நியாயத்தைச் சொல்லிவிடுகிறது.

நான் காசு கொடுத்தது அறைக்குத்தான் என்று சொன்னால் மிகையில்லை. பின்வரிசையில் இருக்கும் நான்கு அறைகளை இரவுப் பணிக்காரர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். சன்னல்களுக்கு உள்ளே கறுப்புத் துணி, வெளியே பனையோலைத் தட்டி. கதவிடுக்குக்குக்கூட மணல் அடைத்துத் தைத்த துணிச் சுருள் ஒன்று வைத்திருக்கிறார்கள். பகல் பதினொரு மணிக்கு உள்ளே நின்று கையை நீட்டினால் விரல் தெரியாது. வெளிச்சம் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை மூளை மெலட்டோனின் சுரப்பை அடக்கியே வைத்திருக்கும் என்று பாடத்தில் படித்துத் தேர்வெழுதி வந்தவர்கள்தாம் நாமெல்லாம். வீட்டில் மெல்லிய பூப்போட்ட திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு தூக்கம் வரவில்லையே என்று வருந்துவோம். கைப்பேசியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டு எண்கள் இரண்டை எழுதி வாங்கிக்கொண்டு, அவற்றிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் எழுப்புகிறார்கள். வார்டு வாட்ஸ்அப் குழுவில் 'ஒரு ஸ்டாஃப் வரல, யாராச்சும் வர முடியுமா' என்று விழும் செய்தி நம்மைத் தேடி வராது. அப்படி ஒரு பகல் முழுக்கக் கழியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஒரு குறை: தோப்புக்கு அப்பால் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்த நாளில் காலையிலேயே ஒலிபெருக்கி தொடங்கிவிடுகிறது. கறுப்புத் துணி அதைத் தடுப்பதில்லை. பதிவு செய்யும்போது நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சைகளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மாலையில் உடல் முழுக்க எண்ணெய் தேய்த்து ஒற்றடம், ஏழு நாளில் மூன்று முறை நெற்றியில் தாரை, அதாவது மருந்தை மெல்லிய ஒழுக்காக விடுவது. பெண்களுக்குப் பெண்களே செய்கிறார்கள். நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்ததைப் பார்த்ததும் அந்தச் சேச்சி கையை எடுத்துவிட்டு, மருத்துவரிடம் கேட்டு வந்த பிறகே, அந்த இடத்தைத் தவிர்த்து மற்ற இடத்தில் தேய்த்தார். பயிற்சி பெற்ற கை என்று அதிலேயே தெரிந்தது. இடுப்புவலி குறைந்தது; ஆனால் நோயாளியைப் புரட்டாமல், தூக்காமல் ஒரு வாரம் இருந்தாலே பாதி வலி குறையும் என்பதால், எவ்வளவு எண்ணெயின் பங்கு, எவ்வளவு ஓய்வின் பங்கு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். தாரை இதமாகத்தான் இருக்கிறது. அதற்காகவே ஏழு நாள் தங்க வேண்டும் என்று எனக்குப் படவில்லை. உணவு பொடியரிக் கஞ்சி, சிறுபயறு, சுட்ட அப்பளம், புளி குறைத்த குழம்பு. உப்புப் போதாது, கேட்டாலும் தருவதில்லை.

திட்டத்தின் மோசமான பகுதி, வாரம் ஒருமுறை வெளியிலிருந்து வரும் ஆலோசகர் நடத்தும் மன அமைதி வகுப்பு. உலக சுகாதார நிறுவனம் 2019 மே மாதத்தில் பணிச்சோர்வுக்கு வகுத்த வரையறையை அவர் பலகையில் சரியாகவே எழுதிப் போட்டார்: முறையாகக் கையாளப்படாத நீண்டகாலப் பணியிட அழுத்தத்தால் வருவது, ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்போ ஏளனமோ தட்டுவது, செய்யும் வேலை பலனற்றதாகத் தோன்றுவது என்று மூன்று முகங்கள் உடையது. நோய்களைப் பட்டியலிடும் ஐசிடி-11 தொகுப்பில் அது நோயாக அல்ல, பணி சார்ந்த நிலையாகவே இடம்பெற்றிருக்கிறது என்பதையும் சொன்னார். அழுத்தம் பணியிடத்தில் இருக்கிறது என்று பலகையில் எழுதிவிட்டு, அடுத்த ஒரு மணி நேரம் முழுவதும் எங்கள் மனத்தைத் திருத்துவது எப்படி என்றே பேசினார். தினமும் படுக்கும் முன் நன்றி சொல்லத்தக்க ஐந்து விஷயங்களை நோட்டில் எழுத வேண்டுமாம். சேவை மனப்பான்மை குறைந்ததால்தான் சோர்வு வருகிறது என்ற பொருளில் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை, முப்பது படுக்கைக்கு இரண்டு பேராக நின்று இரவு முழுக்க ஓடிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த பெண்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டார்களோ தெரியவில்லை.

கூடத்தில் இருந்த ஒருவர், தன் கையில் இறந்த ஒரு குழந்தை திரும்பத் திரும்ப நினைவில் வருவதாகவும், டூட்டிக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடப்பதாகவும் சொன்னார். அதற்கும் மூச்சுப் பயிற்சிதான் பதிலாகக் கிடைத்தது. பணிச்சோர்வு வேறு, மனச்சோர்வு நோய் வேறு, அதிர்ச்சியின் பின்விளைவு வேறு. ஒன்றின் சட்டையை மற்றொன்று போட்டுக்கொண்டு வரக்கூடியவை. விடுமுறை நாளிலும் எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறவர்களை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டுகிறவர்களை அடையாளம் கண்டு மனநல மருத்துவரிடம் அனுப்புவது அந்த வகுப்பின் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416 கூடச் சுவரில் இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அந்தச் சேவை 24 மணி நேரமும் இலவசம். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். நைட்டில் இரண்டு மணிக்கு அழுகை வந்தால் அழைப்பதற்கு அப்படி ஓர் எண் தேவை. நான் கிளம்பும்போது அதை எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

விலை நியாயமா என்பதற்கு வருகிறேன். சித்தூர் தாலுக்காவில் தமிழ்க் குடும்பங்களில் பிறந்து செவிலியரானவர்கள் வேலைக்குப் போவது எல்லையின் எந்தப் பக்கத்தில் இடம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம். கேரள அரசு 2018 ஏப்ரலில் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச அடிப்படை ஊதியமாக அறிவித்தது. அதற்குப் பின்னால் நீண்ட போராட்டம் இருந்தது. வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் அந்த அறிவிப்பு செல்லாது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் பணித்தபடி அமைக்கப்பட்ட குழு, 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும் என்றும், 50 படுக்கைக்கும் குறைவான இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. ஆகவே இந்த ஏழு நாள் சிகிச்சைக்கு வருகிற பெண்களில் பலருக்கு 14,000 ரூபாய் என்பது ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி. ஆள் பற்றாக்குறையால் மருத்துவமனை மிச்சம்பிடித்த பணத்தைச் செவிலியர் தன் கையிலிருந்து எடுத்து வைத்தியசாலையில் கட்டுகிறார் என்று கணக்குப் பார்த்தால், வைத்தியசாலைமீது கோபம் வராது. கோபம் போக வேண்டிய இடம் வேறு.

அந்த இடத்தை மருத்துவர் தன் பென்சிலால் தொட்டுக்காட்டினார் என்பதுதான் இந்தத் திட்டத்துக்கு நான் மதிப்பளிக்கக் காரணம். இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர்; விடுப்பை ஈடுகட்டக் கூடுதலாக 30 சதவீதம் ஆள். இந்த 30 சதவீதம் இல்லாத மருத்துவமனையில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே இன்னொருவருக்கு டபுள் டூட்டி. எண்ணெய்க்கும் தாரைக்கும் அங்கே வேலையில்லை. அவரும் அதைச் சொல்கிறார். துண்டறிக்கை அச்சடித்தவர்தான் சொல்லவில்லை.

கிளம்பும் நாளில் மருந்துச் சீட்டோடு ஒரு பக்க நேர அட்டவணை கொடுக்கிறார்கள். நமது ரோஸ்டரை வைத்தே எழுதியது. முதல் நைட்டுக்குப் போகும் பிற்பகலில் ஒன்றரை மணி நேரத் தூக்கம். இரவு இரண்டு மணிக்குப் பிறகு காபியோ டீயோ கிடையாது, ஏனெனில் குடித்த காஃபீனில் பாதி உடலைவிட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். காலையில் பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடி. கடைசி நைட் முடிந்த பகலில் மட்டும் சீக்கிரம் எழுந்து, அன்றிரவே ஊரோடு சேர்ந்து படுப்பது. வீட்டாருக்கென்று தனியாக ஒரு தாளும் உண்டு: நைட் முடிந்து பகலில் தூங்கும் ஆறு மணி நேரம் வீட்டில் குக்கர் விசில், டிவி, விருந்தாளி எதுவும் வேண்டாம் என்று தமிழிலும் மலையாளத்திலும் மருத்துவர் கையெழுத்தோடு இருக்கிறது. நாம் சொன்னால் காதில் விழாத மாமியாருக்கு அந்தக் கையெழுத்து கேட்கிறது. கோயில் பிரசாதத்தைப்போல் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார் என் மாமியார். ரோஸ்டர் தாளையும் நகலெடுத்து இன்சார்ஜிடம் காட்டினேன். நைட் முடிந்த நாளை ஆஃப் கணக்கில் சேர்ப்பதைத் தன்னால் மாற்ற முடியாது, அது நிர்வாகத்தின் வழக்கம் என்றார். ஆனால் சுழற்சியை மார்னிங், ஈவினிங், நைட் என்று நேராக்கிவிட்டார். ஈவினிங்குக்கு மறுநாள் மார்னிங் போடுவதும் குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை.

இடுப்புவலி இரண்டு மாதத்தில் திரும்பிவிட்டது. தூக்கம் பரவாயில்லை. மறுபடி போனால் மூன்று நாள் தங்கலுக்குத்தான் போவேன். மருத்துவரின் விசாரணை, பின்வரிசை அறை, அட்டவணை மூன்றும் 5,500 ரூபாயிலேயே அடங்கிவிடுகின்றன, மன அமைதி வகுப்பிலிருந்தும் தப்பிக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் மாதவிலக்கு நாள்களிலும் எண்ணெய்ச் சிகிச்சை செய்வதில்லை என்பதால் அதற்கேற்ப நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். கர்க்கடகத்தில் சுற்றுலாக்காரர்களின் கூட்டம் நிரம்பி, இரவுப் பணிக்காரர்களின் அறையையும் அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு ஓணத்துக்குச் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைக்காது, கேரளப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குப் பொங்கலுக்குச் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைக்காது. தை மாத முகூர்த்தங்களில் மண்டபத்துச் சத்தம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் மார்கழிதான் தோதான மாதம். அப்போது பின்வரிசையில் கடைக்கோடி அறையைக் கேட்டு வாங்குங்கள், அது மண்டபத்துக்கு மிகத் தொலைவில் இருக்கிறது.